நர்சிங் நமக்கு சரிவருமா? ஏ.எல் எழுதிட்டு சும்மா இருக்குற மாசங்கள்ல பார்த்துக்குற வழி

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பயோ எழுதிட்டு ரிசல்ட்ஸுக்கு காத்துக்கிட்டு இருக்குற பிள்ளைங்க என்கிட்ட கேக்குறது எப்பவும் ஒரே கேள்விதான், "அக்கா நர்சிங் போகலாமா, நல்ல வேலையா?" நான் நல்லதுனு சொல்லி என்ன ஆகப்போகுது. அரசாங்க சம்பளம் வருது, ஓ.டி வருது, பென்ஷன் இருக்கு, வெள்ளை யூனிஃபோம் போட்டா தேயிலைத் தோட்டத்துல அம்மா அப்பாவுக்கு ஒரு பெருமை, எல்லாம் உண்மைதான். ஆனா ராத்திரி 2 மணிக்கு ஒரு தாத்தா மூணாவது தடவையா படுக்கைய நனைச்சிட்டு வெக்கத்துல செவுத்துப் பக்கம் திரும்பி படுத்திருப்பாரு பாருங்க, அப்ப மூஞ்ச சுளிக்காம எழும்பி போய் விரிப்ப மாத்துறதுதான் வேலை. அது உங்களுக்கு ஏலுமா ஏலாதானு டிரெயினிங் போய் ஒரு வருசம் கழிச்சு தெரிஞ்சுக்குறத விட இப்பவே பார்த்துக்கலாம். யார்கிட்ட போறது, என்ன கேக்குறது, உள்ள விட்டா எதத் தொடலாம் எதத் தொடக்கூடாது, இதத்தான் எழுதுறேன், ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை பக்கத்து பிள்ளைங்கள மனசுல வச்சு.

வழிகள மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். ஒண்ணு, சுகாதார அமைச்சு வர்த்தமானியில (அரசாங்க அறிவிப்பு இதழ்) விண்ணப்பம் கேக்குற 3 வருச டிப்ளோமா, தாதியர் கல்லூரில படிக்கிறது, நம்ம பக்கத்துல கண்டிலயும் பதுளைலயும் கல்லூரி இருக்கு, படிக்கும்போதே அலவன்ஸ் கெடைக்கும். ரெண்டு, இசட் ஸ்கோர் வச்சு கெம்பஸ் போற 4 வருச டிகிரி, பேராதெனியா, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம்னு பல இடத்துல இருக்கு. மூணாவது பிரைவேட். பிரைவேட்ல காசு கட்டுறதுக்கு முந்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த கோர்ஸ முடிச்சா இலங்கை தாதியர் சபைல நர்ஸா பதிய ஏலுமா, எழுத்துல குடுப்பீங்களா? பதில இழுத்தாங்கன்னா பேக்க தூக்கிட்டு எழும்பி வந்துருங்க. கலர் கலரா போர்டு போட்டு கேர் கிவர் கோர்ஸ நர்சிங்னு விக்கிற ஆக்களும் இருக்காங்க. கேர் கிவர் வேலையும் நல்ல வேலைதான், என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சேர்டிபிகேட்டோட படிச்சா அதுக்கும் மரியாதை இருக்கு, ஆனா அது வேற இது வேற.

இன்னொண்ணையும் வெளிப்படையா சொல்லிடணும். கிளினிக்லயும் ஆஸ்பத்திரிலயும் காசில்லாம போய் உதவுறது பத்தித்தான் இனி சொல்லப்போறேன், அந்த தொண்டு வேலைக்கு செலெக்ஷன்ல புள்ளி கெடைக்கும்னு நெனச்சு போகாதீங்க. ஏ.எல் ரிசல்ட்ஸும் வர்த்தமானில போட்டிருக்குற தகுதியும்தான் இடம் குடுக்கும். இது நீங்க உங்களுக்காக பார்க்குற பரீட்சை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க, பிள்ளை மடுவத்துல ஆரம்பிங்க

எல்லாரும் நேரா நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ டிக்கோயாவுக்கோ போய் "நான் வாட்டுல உதவி செய்யட்டுமா"னு கேக்கப் பாக்குறாங்க. விடமாட்டாங்க, விடாததுல நியாயமும் இருக்கு, தொத்து நோய், நோயாளியோட ரகசியம், உங்களுக்கு ஏதும் ஆனா யார் பொறுப்பு, எல்லாத்தையும் அவங்கதான பார்க்கணும். அதனால கிட்ட இருக்குறதுலருந்து தொடங்குங்க. நம்ம தோட்டத்து பிள்ளை மடுவத்துக்கு (வேலைக்கு போறவங்க பிள்ளைங்கள பகல்ல விட்டுட்டு போற இடம்) மாசா மாசம் மிட்வைஃப் மிஸ் வருவாங்க, பிள்ளைங்கள நிறுப்பாங்க, வயித்துப் பிள்ளைக்காரங்கள பார்ப்பாங்க, திரிபோஷா சத்து மா குடுப்பாங்க. அன்னைக்கு அந்த மிஸ் தனியாளா நின்னு படுற பாட்ட பார்த்தாலே உதவிக்கு ஒரு ஆள் எவ்வளவு தேவைனு விளங்கும். அவங்ககிட்ட நேரா போய், "மிஸ், பேர் கூப்பிடுறது, வரிசைல உக்கார வைக்கிறது, பிள்ளைங்க உடுப்ப கழட்டி ரெடி பண்றது நான் செய்றேன், எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீஸ்ல கேக்கணும்னா கடுதாசி தாறேன்"னு சொல்லுங்க. இப்படி என்ன வேலைனு பிரிச்சு சொன்னா சரினு சொல்றது லேசு. "ஏதாவது உதவி செய்யட்டுமா"னு மொட்டையா கேட்டா உங்களுக்கு என்ன வேலை குடுக்குறதுனு யோசிக்கிறதே அவங்களுக்கு இன்னொரு வேலை.

அங்க என்னத்த பார்க்கணும்னு ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம குளிருக்கு பிள்ளைங்க சுவெட்டர், குல்லா, காலுக்கு மேஸ், உள்ள இன்னொரு பனியன்னு பொட்டலம் மாதிரி வரும். அம்மாக்கு கழட்ட மனசே வராது, "தடிமன் பிடிச்சிரும் மிஸ்"னு கெஞ்சுவாங்க. ஆனா ஒரு வயசு தாண்டின பிள்ளை மாசத்துக்கு கூடுறதே ஏறக்குறைய 200 கிராம்தான், தடிச்ச கம்பளி சுவெட்டரே அந்த அளவு இருக்கும். அப்ப சுவெட்டரோட நிறுத்தா என்ன ஆகும்? ஒரு மாசமா ஒரு கிராமும் கூடாத பிள்ளை கூடின மாதிரி கொப்பில ஏறிடும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அதனால உங்க வேலை, அந்த அம்மாகிட்ட ஏசாம கதைச்சு, தராசு ரெடியானதுக்கு அப்புறமா மட்டும் உடுப்ப கழட்டி, நிறுத்த உடனே போர்வைல சுத்தி கைல குடுக்குறது. பொம்பளப் பிள்ளைக்கு ரோஸ் கொப்பி, ஆம்பளப் பிள்ளைக்கு நீலக் கொப்பி, உள்ள வளர்ச்சிக் கோடு இருக்கும். ஒரு புள்ளிய மட்டும் பார்க்காதீங்க, போன மாசப் புள்ளியும் இந்த மாசப் புள்ளியும் சேர்ற கோடு ஏறுதா, படுத்துருக்கா, இறங்குதானு பாருங்க. படுத்திருந்தா மிட்வைஃப் மிஸ் அந்த அம்மாகிட்ட என்னென்ன கேக்குறாங்கனு காது குடுத்து கேளுங்க, வயித்தோட்டம் போச்சா, பகல்ல பிள்ளைய யார் பார்க்குறா, மடுவத்துல என்ன சாப்பாடு குடுக்குறாங்க, வீட்டுல குடிக்கிறவங்க இருக்காங்களா. நர்சிங்ங்கிறது ஊசி போடுறது மட்டும் இல்லங்கிறது அந்த நிறுக்கிற இடத்துலயே விளங்கிரும்.

கோயில்ல வைக்கிற மெடிக்கல் கேம்ப், கண் கேம்ப், இரத்த தான முகாம், முதியோர் இல்லம், இதெல்லாமும் இதே கணக்குதான். இரத்த தானத்துல நிக்கிறதுனா இரத்தம் குடுத்துட்டு எழும்புறவங்க பக்கத்துல நில்லுங்க, மயங்குறவங்க பெரும்பாலும் அந்த இடத்துலதான் மயங்குவாங்க, மொகம் வெளுத்து வேர்வை வந்தா உடனே படுக்க வச்சு கால உயர்த்தி ஸ்டாஃப கூப்பிடுங்க.

முதலுதவியும் படிச்சு வைங்க. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸும் வகுப்பு நடத்துறாங்க. நம்ம பக்கத்துல குளவி கொட்டு அடிக்கடி நடக்குறது, அதுல கொட்டுன எடத்துக்கு சுண்ணாம்பு தடவுறதுக்கு முன்னாடி மூச்சு எப்படி இருக்கு, உதடு நாக்கு வீங்குதா, ஆள் கிறங்குதானு பார்க்கணும், அப்படி இருந்தா ஒரு நிமிசமும் சுணங்கக்கூடாது. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். ஆனா தோட்டத்து பேர மட்டும் சொன்னா பத்தாது, எந்த டிவிஷன், எந்த சந்தியில திரும்பணும்னு சொல்லி, மெயின் ரோட்டுல ஒரு ஆள நிக்க வைங்க, லயத்துக்கு வர்ற ரோட்டு டிரைவருக்கு எப்படி தெரியும்.

ஒரு அக்காவ பிடிங்க, ஆனா சரியான கேள்வியோட

வழிகாட்டினு பெருசா எதையும் யோசிக்க வேண்டாம். இப்ப வேலை செய்ற ஒரு நர்ஸ், முடிஞ்சா தாதியர் கல்லூரில இப்ப படிக்கிற ஒரு ஸ்டூடன்ட், இவங்க ரெண்டு பேர் போதும். வேலை செய்றவங்ககிட்ட வேலையப் பத்தி கேக்கலாம், படிக்கிறவங்ககிட்ட ஹொஸ்டல், எக்ஸாம், வீட்ட விட்டு இருக்குறது, சிங்களம் தெரியாம மொத மாசம் பட்ட பாடு, இதெல்லாம் கேக்கலாம். உங்க ஸ்கூல்ல உங்களுக்கு முந்தி பயோ செஞ்ச பேட்ச் யாருனு டீச்சர்கிட்ட கேட்டாலே ஒரு பேர் வந்துரும். தம்பிமார் ஒரு ஆம்பள நர்ஸையும் தேடிப் பிடிங்க, "பொம்பள வேலைக்கு போறியா"னு லயத்துல கேப்பாங்க, அதுக்கு என்ன பதில் சொல்றதுனு அவர்கிட்ட ரெடியா இருக்கும்.

மெசேஜ் போடும்போது "ஹாய் அக்கா"னு போட்டுட்டு பதிலுக்கு காத்துக்கிட்டு இருக்காதீங்க. இப்படி போடுங்க: "வணக்கம் அக்கா, நான் இன்ன தோட்டம், இன்ன ஸ்கூல்ல ஏ.எல் பயோ எழுதியிருக்கேன், இன்ன டீச்சர் உங்க நம்பர் தந்தாங்க. நர்சிங் பத்தி ஒரு அரை மணித்தியாலம் உங்ககிட்ட கதைக்கணும். உங்க டியூட்டி பார்த்து ஏலுமான நாள சொல்லுங்க, நானே வாறேன்." அவ்வளவுதான். ரெண்டு நாளைக்கு பதில் வரலன்னா கோவிச்சுக்காதீங்க. அரசாங்க ஆஸ்பத்திரில டியூட்டி காலைல 7லருந்து 1 மணி, 1லருந்து ராத்திரி 7, அப்புறம் நைட் 7லருந்து விடிய 7னு ஓடும், நைட் முடிஞ்சு வந்த ஆள் பகல்ல தூங்கிக்கிட்டு இருப்பாங்க, பகல் 11 மணிக்கு கோல் எடுக்கலனு மொகத்த தூக்காதீங்க.

நேர்ல போனா "நர்சிங் நல்லதா"னு கேக்காதீங்க, எல்லாரும் "நல்லம்தான் தங்கச்சி, கஷ்டம்தான்"னு சொல்லி தேத்தண்ணி குடுத்து அனுப்பிருவாங்க. கடைசியா செஞ்ச நைட் டியூட்டிய தொடக்கத்துலருந்து முடிவு வரைக்கும் சொல்லச் சொல்லுங்க. எத்தன நோயாளி, எத்தன நர்ஸ், எத்தன மணிக்கு சாப்பிட்டாங்க, எப்ப உக்காந்தாங்க, யாருக்கு திடீர்னு வருத்தம் கூடிச்சு, அத எத வச்சு கண்டுபிடிச்சாங்க. மொத போஸ்டிங் வீட்டுலருந்து எவ்வளவு தூரம், அங்க ரூம் எப்படி பிடிச்சாங்க. நோயாளி செத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன செஞ்சாங்க. இந்த கடைசிக் கேள்விய மொத நாளே கேக்காதீங்க, பழகினப்புறம் கேளுங்க.

அவங்களுக்கு தொந்தரவு குடுக்காம இருக்குறதும் ஒரு பாடம்தான். மாசத்துக்கு ஒரு தடவ போதும், போகும்போது போன தடவ சொன்னதுல நீங்க என்ன செஞ்சு பார்த்தீங்கனு சொல்லுங்க, அடுத்த தடவ அவங்களே கூப்பிடுவாங்க.

ஆஸ்பத்திரிக்குள்ள போகணும்னா

ரெண்டு மூணு மாசம் இப்படி ஓடினப்புறம் கடுதாசி குடுங்க. சின்ன ஆஸ்பத்திரின்னா பொறுப்பு வைத்திய அதிகாரிக்கு, பெரிய ஆஸ்பத்திரின்னா பணிப்பாளருக்கு. கூடவே ஸ்கூல் பிரின்சிபல்ட கடுதாசி, கிராம சேவகர் சேர்டிபிகேட், 18 வயசு ஆகலன்னா அம்மா அப்பா சம்மதம், மிட்வைஃப் மிஸ் ஒரு வரி எழுதிக் குடுத்தா அதுவும். சிங்களத்துலயும் ஒரு பிரதி வைங்க. அங்க நோயாளர் நலன்புரிச் சங்கமோ ஆஸ்பத்திரிக் குழுவோ இருந்தா அவங்க மூலமா போறது இன்னும் லேசு. கேக்குறது வாட்டா இருக்க வேண்டாம், ஓ.பி.டியும் (வெளிநோயாளர் பிரிவு) கிளினிக்கும் கேளுங்க.

ஏன்னா அங்கதான் நம்மளால உண்மையாவே பிரயோசனம் இருக்கு. விடிய 4 மணிக்கு எழும்பி, பஸ் பிடிச்சு வந்து, நம்பர் எடுக்கத் தெரியாம, சிங்களத்துல எழுதின போர்ட வாசிக்கத் தெரியாம, ஊசி ரூமுக்கு முன்னாடி ரெண்டு மணித்தியாலம் உக்காந்துட்டு "இது இல்ல, அங்க போங்க"னு சொன்னதும் அப்படியே வீட்டுக்கு பஸ் ஏறுற நம்ம ஆக்கள நீங்களும் பார்த்திருப்பீங்க. நம்பர் எங்க, கிளினிக் கொப்பி யார்கிட்ட, இரத்தம் எங்க எடுக்குறது, மருந்து எந்த ஜன்னல்ல, இத மட்டும் தமிழ்ல சொல்லிக்கிட்டு நிக்க ஒரு ஆள் இருந்தா அந்த வராந்தாவே மாறிரும். உங்க சிங்களம் ஓட்டையா இருந்தாலும் பரவால்ல, தினமும் கேட்டுக் கேட்டு வந்துரும், எப்படியும் நர்ஸ் ஆகணும்னா அது வேணும்.

டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவுல மொழி மாத்தி சொல்லச் சொன்னா கவனமா இருங்க. ஒரு பாட்டிகிட்ட டாக்டர் "மருந்து ஒழுங்கா குடிக்கிறீங்களா"னு கேக்குறார். பாட்டி சொல்லுது, "மாத்திர முடிஞ்சு போச்சு சாமி, கிளினிக் நாள்ல வந்தா அன்னைக்கு பேர் விழாது, சம்பளம் இல்ல, மருமக கத்துவா, அதான் வரல." இத நீங்க "மருந்து குடிக்கலையாம்"னு சுருக்கி சொல்லிட்டீங்கன்னா டாக்டர் ஏசிட்டு அதே சீட்ட எழுதி அனுப்புவார். முழுசா சொன்னீங்கன்னா அடுத்த கிளினிக் நாள தள்ளிப் போட்டு கூடுதல் நாளைக்கு மருந்து குடுக்கலாமானு அவர் யோசிக்க வழி இருக்கு. அதனால கூட்டாம குறைக்காம சொல்லுங்க, நோயாளிக்கு பதிலா நீங்க பதில் சொல்லாதீங்க, விளங்கலன்னா விளங்கலனு சொல்லி திருப்பிக் கேளுங்க. ஆப்பரேஷனுக்கு கையெழுத்து வாங்குறது, புத்து நோய்னு சொல்றது, இந்த மாதிரி இடத்துல மொழிபெயர்க்கச் சொன்னா "ஸ்டாஃப் யாரையாவது கூப்பிடுங்க மிஸ்"னு பணிவா விலகிருங்க. பொம்பளைங்களோட உள் வருத்தத்துக்கு தம்பிமார் நடுவுல நிக்கவே வேண்டாம்.

வாட்டுக்குள்ள விட்டா, உடுப்பு விஷயம் மொதல்ல. மோதிரம், கைக்கயிறு, நீட்டு நகம் இல்லாம, முடிய இறுக்கிக் கட்டி, முன்னால மூடின தட்டைச் செருப்பு. நுவரெலியா குளிர்ல சுவெட்டர் கைய முழங்கைக்கு மேல மடிச்சு விடுறது கஷ்டம்தான், ஆனா மடிக்கத்தான் வேணும், அந்தக் கை நுனி ஒவ்வொரு கட்டிலா தொட்டுக்கிட்டே போகும். சோப்புல கை கழுவுறது 40லருந்து 60 செக்கன், ஹேண்ட் ரப்னா 20லருந்து 30. ஒரு நோயாளிய தொட முன்னாடி, தொட்ட பின்னாடி, அவர் கட்டில் மேசைய தொட்டா கூட அதுக்குப் பின்னாடி. பெரு விரலையும் விரல் நுனிகளையும் பெரும்பாலானவங்க விட்டுருவாங்க, பக்கத்துல நின்னு பாருங்க தெரியும். உங்களுக்கு தடிமன் காய்ச்சல்னா அன்னைக்கு போகவே கூடாது.

மருந்து குடுக்குறது, சேலைன திறக்குறது மூடுறது, ஒக்சிஜன தொடுறது, ஊசி கெடந்தா பொறுக்குறது, ஆள தனியா தூக்குறது, இது எதுவும் உங்க வேலை இல்ல. யாராவது அவசரத்துல செய்யச் சொன்னாலும் "எனக்கு பழக்கம் இல்ல மிஸ்"னு சொல்லுங்க, ஏசினா ஏசட்டும். சாப்பாடு ஊட்டலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் நர்ஸ்கிட்ட கேட்டுட்டு, ஏன்னா ஆப்பரேஷனுக்கு வெறும் வயித்துல இருக்குற ஆளா இருக்கலாம், பக்கவாதம் வந்து விழுங்க ஏலாத ஆளா இருக்கலாம். ஊட்டும்போது நிமிர்த்தி உக்கார வச்சு, சின்னக் கரண்டில, விழுங்கினதுக்கு அப்புறம் அடுத்தது, சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடாதீங்க. அந்த அரை மணி பக்கத்துல உக்காந்து கதை கேக்குறதுதான் நிறைய பேருக்கு மருந்த விட தேவைப்படும், ஸ்டாஃபுக்கு அதுக்கு நேரம் கெடைக்கிறதே இல்ல.

போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடாதீங்க. அத விட பெரிய விஷயம் லயம். வாட்டுல பார்த்த ஆள் பக்கத்து டிவிஷன் ஆளா இருப்பாரு, நீங்க வீட்டுக்கு வந்ததும் "அவருக்கு என்னவாம்"னு பைப்படில கேப்பாங்க. "எனக்கு தெரியாது"னு சொல்லப் பழகுங்க, உங்க அம்மாகிட்டயும்.

பார்க்கப் பழகுறது

சும்மா சுத்திப் பார்த்தா ஒண்ணும் பிடிபடாது. ஒரு நர்ஸ ஒரு மணித்தியாலம் கண்ணால தொடருங்க, அவங்க கட்டில் பக்கம் போனதும் மொதல்ல எங்க பார்க்குறாங்க? மொகமா, நெஞ்சா, சேலைன் போற கையா, மூத்திரப் பையா? வீட்டுக்கு வந்து பேர் போடாம ஒரு கொப்பில எழுதுங்க, விளங்காதத உங்க அக்காகிட்ட கேளுங்க. வீட்டுலயும் பழகலாம். தூங்குற தம்பியோட நெஞ்சு ஒரு முழு நிமிசத்துல எத்தன தடவ ஏறி இறங்குதுனு எண்ணுங்க, பெரியவங்களுக்கு 12லருந்து 20 வரைக்கும் சாதாரணம், சின்னப் பிள்ளைக்கு கூடுதலா இருக்கும். நாடி பெரியவங்களுக்கு 60லருந்து 100. பிரஷர் மெஷின் இருந்தா அப்பாயிக்கு பார்க்கலாம், ஆனா மலையேறி வந்த உடனயோ பிளேன்டீ குடிச்ச கையோடயோ பார்க்காதீங்க, 5 நிமிசம் சாஞ்சு உக்கார வச்சு, கால தரைல ஊன வச்சு, கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், கதைக்கவும் கூடாது.

படுத்த படுக்கையா ஒரு ஆள் சொந்தத்துல இருந்தா அது பெரிய வாய்ப்பு, சொல்றதுக்கு கஷ்டமாத்தான் இருக்கு. 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவ ஆள திருப்பிப் படுக்க வைக்கணும், குதிகால், இடுப்புக்குக் கீழ, முழங்கை, இந்த எலும்பு முட்டுற இடங்கள தினமும் பாருங்க. நம்ம நிறத்துல சிவப்பு சட்டுனு தெரியாது, கைய வச்சா அந்த இடம் சூடாவோ கெட்டியாவோ இருந்தா புண் தொடங்குதுனு அர்த்தம், அந்தப் பக்கம் படுக்க வைக்காம மிட்வைஃப் மிஸ்கிட்டயோ டிஸ்பென்சரிலயோ சொல்லுங்க. ராத்திரியிலயும் அலாரம் வச்சு எழும்பி ஒரு கிழமை இத செஞ்சு பாருங்க, நைட் டியூட்டினா என்னனு எந்த செமினாரும் இத விட தெளிவா சொல்லாது.

வாந்தி நாத்தத்துல கொமட்டுச்சு, இரத்தம் பார்த்து தலை சுத்துச்சு, அதனால எனக்கு சரிவராதுனு நெறைய பேர் முடிவு பண்றாங்க. அது அடையாளமே இல்ல, பெரும்பாலானவங்களுக்கு பழகப் பழக போயிரும். என் கணக்குல அடையாளம் வேற. ஒரே ஆள் ஒரே கேள்விய நாலாவது தடவையா கேக்கும்போது உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன வருதுனு பாருங்க. களைப்பு வந்தா பரவால்ல, எல்லாருக்கும் வரும். அந்த ஆள் மேல ஒரு இளக்காரம், "இந்த தோட்டத்து ஆக்களே இப்படித்தான்"னு ஒரு எண்ணம் வந்தா, நாமளே அங்கருந்து வந்த பிள்ளைங்களா இருந்தும் வந்தா, கொஞ்சம் நின்னு யோசிக்கணும். யோசிச்சு வேண்டாம்னு தோணினா வெக்கம் இல்ல, பயோவுக்கு பார்மசி, லேப், பிசியோ, எக்ஸ்ரே, மிட்வைஃப்னு எவ்வளவோ கதவு இருக்கு.

வேணும்னு தோணிச்சுன்னா காயிதங்கள இப்பவே தேடுங்க. அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைல வரும், அரசாங்க அச்சகத் திணைக்களத்தோட வெப்சைட்ல தமிழ்லயே பார்க்கலாம், வயசெல்லை, உயரம், ஓ.எல்ல எந்தெந்த பாடத்துக்கு சி வேணும்ங்கிறது எல்லாம் அதுலயே போட்டிருக்கும், போன வருசத்த நம்பாம அந்த வருசத்தோடத வாசிங்க. அப்புறம் பேரு. நம்ம பிள்ளைங்களுக்கு பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேர், ஐடென்டி கார்ட்ல ஒரு எழுத்து கூட, ஓ.எல் சேர்டிபிகேட்ல அப்பா பேர் வேற மாதிரினு இருக்குறது சகஜம், அப்ளிகேஷன் முடியுற நாளைக்கு முந்தின நாள் இத கண்டுபிடிச்சா ஒண்ணும் செய்ய ஏலாது. மூணையும் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தா பிரதேச செயலகத்துக்கு இந்தக் கிழமையே போங்க, திருத்தம் வர மாசக்கணக்கு ஆகும்.